கேட்காத கேள்விக்குச் சரியான விடை

'எல்லோரும் வரவில்லை.' இந்த வாக்கியத்தைத் தருக்கக் குறியீட்டில் எழுதச் சொன்னால் இரண்டு விதமாக எழுதலாம். வந்தவர் ஒருவர்கூட இல்லை என்று எழுதலாம். வராதவர் ஒருவராவது உண்டு என்றும் எழுதலாம். பேச்சில் இது யாரையும் குழப்புவதில்லை. குரலின் அழுத்தமோ அதற்கு முன்னால் பேசிய விஷயமோ தீர்த்துவைத்துவிடும். எழுத்தில் தனியாக வந்து நிற்கும்போது, அந்த 'இல்லை' எதுவரை பாய்கிறது என்பது திறந்தே கிடக்கும். குறியீட்டுத் தருக்கத்திலோ எதையும் திறந்து போட வழியில்லை. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற பெருமொழி மாதிரிகளையும், கொடுத்த விதிகளிலிருந்து பிசகாமல் விடை தேடும் 'சால்வர்' போன்ற தருக்க எந்திரங்களையும் இணைப்பது பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: மொழி மாதிரிக்குக் கற்பனை உண்டு, துல்லியம் கிடையாது, சால்வருக்குத் துல்லியம் உண்டு, கற்பனை கிடையாது, சேர்த்து வைத்தால் இரண்டும் கிடைக்கும். பாதி உண்மைதான். மற்ற பாதியைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் பிழைப்பு இதை ஒட்டியது. ஆட்களுக்கு ஷிப்டு அட்டவணை போட்டுத்தரும் மென்பொருளில் வேலை செய்கிறேன். பயனர்கள் விதிகளைச் சாதாரண மொழியில் எழுதி அனுப்புவார்கள். அவற்றை சால்வருக்குப் புரியும் கட்டுப்பாடுகளாக மாற்றவேண்டும். முன்பெல்லாம் இதை ஆட்கள் உட்கார்ந்து செய்தோம். இப்போது முதல் வரைவை மொழி மாதிரி எழுதுகிறது, எங்களைவிட வேகமாக, சலிப்பே இல்லாமல்.

கொஞ்சம் பழைய கதை. 1956இல் நியூவெல், சைமன், ஷா மூவரும் எழுதிய 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற நிரல், கணிதத் தருக்கத்தின் அடிப்படை நூலான 'பிரின்சிபியா மாத்தமேட்டிக்கா'வின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிரூபித்தது. செயற்கை நுண்ணறிவு என்றாலே தருக்கம்தான் என்ற நம்பிக்கை அதன்பின் வெகுகாலம் ஓடியது. எழுபதுகளில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு இரத்தத் தொற்றுகளுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி பொருந்தும் என்று சொன்னது. 1984இல் டக்ளஸ் லெனாட் தொடங்கிய சைக் திட்டத்துக்கு இன்னும் பெரிய ஆசை: மனிதனின் பொது அறிவு முழுவதையும் விதிகளாக எழுதிவிடுவது. 2023இல் அவர் இறக்கும்வரை அந்த எழுத்து ஓயவில்லை.

இவையெல்லாம் ஒரே இடத்தில்தான் மூச்சுமுட்டின. தருக்கம் சரியாகவே வேலை செய்தது. விதிகளை யார் எழுதித் தருவது? ஒரு மருத்துவரை உட்காரவைத்து அவர் மனதில் இருப்பதை 'இப்படி இருந்தால் அப்படி' என்று பிடுங்கி எடுப்பது மாதக்கணக்கான வேலை. விதிகள் பெருகப் பெருக ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். உலகம் மாறினால் மறுபடி எழுதவேண்டும். குறியீட்டு முறையின் கழுத்தை நெரித்தது இந்த எழுத்துவேலைதான்.

அதனால் மொழி மாதிரியின் வரவை வேறு கோணத்தில் பார்க்கிறேன். அதன் 'கற்பனை'யைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, யாரும் எழுதித் தர முன்வராத விதிகளை அது எழுதித் தருகிறது என்பது. நாற்பது ஆண்டுகளாக அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்துவிட்டது. அதில் வருவது நல்ல தண்ணீர்தானா என்பது அடுத்த கேள்வி.

இந்தக் காலத்தில் மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. மொழி மாதிரிகளுக்கு அடித்தளமான நரம்பியல் வலைகளைப் பற்றிய ஆரவாரத்தில் சால்வர்கள் எவ்வளவு வளர்ந்தன என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. ஆம்–இல்லை என்ற இரு மதிப்பு மட்டுமே உள்ள மாறிகளைக் கொண்டு ஒரு சூத்திரம். அதை உண்மையாக்கும் மதிப்புகள் உண்டா என்று கண்டுபிடிக்கவேண்டும். இதுதான் சாட் எனப்படும் சிக்கல். நூறு மாறிகள் இருந்தால் இரண்டின் நூறாம் அடுக்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு நல்ல யோசனை வந்தது. ஒரு பாதையில் போய் முட்டி நின்றால் வெறுமனே திரும்பி வராதே. ஏன் முட்டினாய் என்று ஆராய்ந்து, அந்தக் காரணத்தையே ஒரு புதிய விதியாக எழுதிவைத்துக்கொள். அந்த வகை முட்டுச்சந்துக்குள் மறுபடி நுழையவே மாட்டாய். தோல்வியிலிருந்து கற்கும் இந்த உத்தியோடு பொறியியல் நுணுக்கங்களும் சேர, இன்று லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட தொழில்துறைச் சிக்கல்களைக்கூட சால்வர்கள் விழுங்குகின்றன. 2008இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் லியோனார்டோ டி மோராவும் நிக்கலாய் பியோர்னரும் வெளியிட்ட இசட்3, இதற்கு மேல் எண்கள், வரிசைகள், சார்புகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கையாளும்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2016இல் நடந்தது. 1 முதல் தொடங்கும் முழு எண்களுக்கு இரண்டு வண்ணங்களில் ஒன்றைப் பூசவேண்டும். 3, 4, 5 போன்ற எந்தப் பித்தாகரஸ் மும்மையும் ஒரே வண்ணத்தில் வந்துவிடக்கூடாது. 7824 வரை பூசிவிடலாம். 7825 வந்ததும் முடியாது. மரைன் ஹூலே, ஆலிவர் குல்மன், விக்டர் மாரெக் மூவரும் இதை சாட் சால்வரை வைத்து நிரூபித்தார்கள். அந்த நிரூபணக் கோப்பின் அளவு 200 டெராபைட். எந்த மனிதனும் அதைப் படிக்கப்போவதில்லை. படிக்கவும் வேண்டியதில்லை; அதைச் சரிபார்க்கும் நிரல் சிறியது, அந்தச் சிறிய நிரலை நம்பினால் போதும்.

மொழி மாதிரியிடம் இல்லாதது இதுதான். அது பத்து வரியில் ஒரு நிரூபணம் எழுதினாலும் பத்து வரியையும் நாம் படித்துப் பார்க்கவேண்டும். மூன்றாவது வரியில் 'எனவே' என்று இருக்கும். அந்த 'எனவே' உண்மையிலேயே ஒரு தருக்கப் படியா, அல்லது அந்த இடத்தில் வழக்கமாக வரும் சொல் என்பதால் வந்து உட்கார்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுப்பாராவ் கம்பம்பாட்டியின் குழு இதை அழகாகச் சோதித்தது. கட்டைகளை எடுத்து அடுக்கும் பழைய திட்டமிடல் புதிரில் ஓரளவு தேறிய ஒரு மாதிரி, அதே புதிரில் செயல்கள், நிலைகள் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் சம்பந்தமில்லாத சொற்களாக மாற்றியதும் ஏறக்குறைய ஒன்றுமே செய்யமுடியாமல் நின்றது. தருக்கத்தின் பார்வையில் இரண்டும் ஒரே புதிர். வழக்கமான திட்டமிடும் நிரலுக்குப் பெயர் மாறியதே தெரியாது. பின்னால் வந்த, நின்று நிதானித்து 'யோசிக்கும்' மாதிரிகள் இதில் நன்றாகவே முன்னேறின. அப்போதும் பெயர் மாற்றிய புதிர் அவற்றுக்குக் கூடுதல் கடினமாகவே இருந்தது.

சரி, இணைத்தால் என்ன நடக்கும்? நடந்தவற்றில் அழகானது 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆல்ஃபாஜியோமெட்ரி, வடிவியல் கணக்குகளுக்கு நிரூபணம் தேடும் கூகுள் டீப்மைண்டின் நிரல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு பங்காளிகளும் அவரவர் வேலையை மட்டும் செய்த இடம் இது.

ஓர் இருசமபக்க முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்கள் சமம். அடிக்கோணங்களும் சமம் என்று நிரூபிக்கவேண்டும். தருக்க எந்திரத்திடம் வடிவியல் விதிகள் எல்லாம் இருக்கின்றன. கொடுத்த தகவல்களிலிருந்து பெறக்கூடிய எல்லாவற்றையும் பெற்றுப் பார்க்கும். ஒரு கட்டத்தில் புதிதாக எதுவும் கிடைக்காமல் நின்றுவிடும். பள்ளியில் ஆசிரியர் என்ன செய்வார்? அடிப்பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறித்து உச்சியோடு இணைப்பார். இரண்டு சிறு முக்கோணங்கள் கிடைக்கும், மூன்று பக்கங்களும் சமம், கதை முடிந்தது. அந்த நடுப்புள்ளி கேள்வியில் இல்லை. விதிகளிலும் அதைப் போடு என்ற கட்டளை இல்லை. எங்கு வேண்டுமானாலும் புள்ளி வைக்கலாம், எந்தக் கோட்டை வேண்டுமானாலும் இழுக்கலாம். வாய்ப்புகளுக்கு முடிவே கிடையாது. எது உதவும் என்பது அனுபவத்தில் வரும் ஊகம்.

அந்த ஊகத்தை மட்டும் மொழி மாதிரியிடம் விட்டார்கள். எந்திரம் நின்றால் மாதிரி ஒரு புள்ளியைச் சொல்லும். எந்திரம் அதை வைத்துக்கொண்டு மறுபடி ஓடும். மறுபடி நின்றால் இன்னொரு புள்ளி. பயிற்சிக்கு மனிதர்கள் எழுதிய நிரூபணங்கள் தேவைப்படவில்லை. தன்போக்கில் படங்களை வரைந்து, அவற்றிலிருந்து என்னென்ன பெறலாம் என்று எந்திரத்தை விட்டுத் தேடவைத்து, பத்துக் கோடி உதாரணங்களைச் செயற்கையாகவே உருவாக்கினார்கள். அவற்றில் சுமார் தொண்ணூறு லட்சத்தில் இப்படிக் கூடுதல் புள்ளிகள் வரும். விளைவு, சர்வதேச கணித ஒலிம்பியாடில் வந்த 30 வடிவியல் கணக்குகளில் 25ஐ அது முடித்தது. அதற்கு முன்பிருந்த சிறந்த முறை முடித்தது 10. மாதிரி தவறான புள்ளியைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கொஞ்சம் நேரம் வீணாகும். தவறான நிரூபணம் வெளியே வர வழியே இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் அதே நிறுவனத்தின் ஆல்ஃபாபுரூஃப் என்ற நிரூபண நிரலும் ஆல்ஃபாஜியோமெட்ரி 2உம் சேர்ந்து அந்த ஆண்டின் ஒலிம்பியாடில் ஆறு கணக்கில் நான்கை முடித்து 28 மதிப்பெண் எடுத்தன. வெள்ளிப் பதக்கத் தரம். தங்கத்துக்கு 29 வேண்டும். சில கணக்குகளுக்கு மூன்று நாள்வரை ஆனது. செய்தித்தாள்கள் பதக்கத்தைப் பெரிதாகப் போட்டன. எனக்கு அந்த அறிவிப்பில் கண்ணில் பட்டது வேறொரு வரி: கணக்குகளை முதலில் மனிதர்கள் கையால் குறியீட்டு மொழிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆல்ஃபாபுரூஃப் நிரூபணம் எழுதிய மொழி லீன்; அதில் எழுதிய நிரூபணத்தைக் கணினியே சரிபார்த்துவிடும். இசட்3இன் அதே டி மோரா 2013இல் தொடங்கியது.

கேள்வியை மாற்றித் தந்தவர் மனிதர், விடையைச் சரிபார்த்தது லீன். இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டால் இந்தத் துறையே புரியாமல் போகும் என்பது என் கருத்து. வடிவியலும் ஒலிம்பியாட் கணக்கும் ஏற்கெனவே முக்கால்வாசி குறியீடுதான். அதற்கே மனிதர் உட்கார்ந்தார் என்றால், விடுப்பு விதிகளையும் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் வரிச்சட்டத்தையும் யார் மாற்றித் தருவது? மொழி மாதிரிதான் என்றால், அது மாற்றியது சரி என்று யார் சொல்வது?

'இரவு ஷிப்டு பார்த்தவருக்கு மறுநாள் காலை ஷிப்டு தரக்கூடாது.' இதைவிடத் தெளிவான விதி இருக்கமுடியாது என்று தோன்றும். மாதிரி இதைச் சுத்தமாக மாற்றிக் கொடுக்கும்: ஒருவருக்கு ஒரு தேதியில் இரவு ஷிப்டு இருந்தால், அந்தத் தேதிக்கு அடுத்த தேதியில் காலை ஷிப்டு இருக்கக்கூடாது. இரவு ஷிப்டு பத்து மணிக்குத் தொடங்கினால் சரி. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால்? திங்கள் இரவு என்று எல்லோரும் சொல்லும் அந்த ஷிப்டு கணினிக்குச் செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. எனவே தடை புதன் காலைக்குப் போய்விடும். செவ்வாய் அதிகாலை முழுக்க விழித்தவரை அதே செவ்வாய் காலை எட்டு மணிக்கு மறுபடி வேலைக்கு அழைக்கும் அட்டவணையைப் போட்டுவிட்டு, எல்லா விதிகளும் நிறைவேறின என்று சால்வர் சான்றிதழ் தரும். சான்றிதழ் பொய்யில்லை. அது வேறொரு விதிக்கான சான்றிதழ்.

இன்னொன்று இதைவிட மோசம். சால்வரை வைத்து ஒரு கூற்றை நிரூபிப்பது இப்படி: அந்தக் கூற்றின் எதிர்மறையை விதிகளோடு சேர்த்துக் கொடுப்போம். எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று சால்வர் சொன்னால் கூற்று நிரூபணமாகிவிட்டது. ஆனால் விதிகளே தமக்குள் முரண்பட்டிருந்தால்? எதைச் சேர்த்தாலும் 'முடியாது' என்றுதான் வரும். அதாவது எதை வேண்டுமானாலும் 'நிரூபிக்கலாம்'. ஒவ்வொருவருக்கும் வாரம் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம் என்று ஒரு விதி. ஏழு நாளும் பொறுப்பாளர் பணியில் இருக்கவேண்டும் என்று இன்னொன்று. 'யாராவது ஒரு பொறுப்பாளர்' என்று படிக்கவேண்டியதை 'அந்தப் பொறுப்பாளர்' என்று மாதிரி ஒரே ஆளாக மாற்றிவிட்டால் முரண்பாடு உள்ளே நுழைந்துவிட்டது. அதன்பின் நீங்கள் எந்தக் கொள்கையைச் சரிபார்க்கச் சொன்னாலும் 'நிரூபணமானது' என்று பச்சை விளக்கு எரியும். எதையும் நிரூபிக்கும் முன் விதிகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை கேட்டால் இதைப் பிடித்துவிடலாம். ஒரே ஒரு கூடுதல் அழைப்பு. எத்தனையோ செயல்விளக்க நிரல்களில் அது இருப்பதில்லை.

லீனிலும் இதே கதைதான். லீன் நிரூபணத்தைச் சரிபார்க்கும். நீங்கள் எழுதிய கூற்று நீங்கள் நினைத்த கூற்றுதானா என்று அதற்குத் தெரியாது. மாதிரிக்குத் தேற்றத்தின் வாசகத்தைத் தொடும் உரிமையையும் கொடுத்துவிட்டால், கடினமான கூற்றைக் கொஞ்சம் நலிவாக்கிவிட்டு அதை வெற்றிகரமாக நிரூபிக்கும் வாய்ப்பையும் கொடுத்துவிட்டீர்கள். (நிரூபணத்தின் ஒரு பகுதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச்செல்ல லீனில் எழுதவேண்டிய சொல் 'சாரி' (sorry). இவ்வளவு நாகரிகமான கணினி மொழியை நான் பார்த்ததில்லை.) கூற்றை மனிதர் பூட்டிவைக்கவேண்டும், மாதிரி நிரூபணத்தை மட்டும் தொடவேண்டும் என்பது இங்கே குறைந்தபட்ச ஒழுங்கு.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது தெரியாததல்ல. 2023இல் இந்த வழியில் பல முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. லாஜிக்-எல்எம், சால்வர் தரும் பிழைச் செய்தியை மாதிரியிடமே திருப்பிக் கொடுத்து மொழிமாற்றத்தைத் திருத்தச் சொன்னது. லிங்க், ஒரே கேள்வியைப் பலமுறை மாற்றச் சொல்லி, ஒவ்வொன்றையும் தேற்றம் நிரூபிக்கும் நிரலில் ஓட்டி, பெரும்பான்மை விடையை எடுத்துக்கொண்டது. 2024 இறுதியில் அமேசான், நிறுவனக் கொள்கை ஆவணங்களைத் தருக்க விதிகளாக மாற்றி மாதிரியின் பதில்களை அவற்றோடு ஒப்பிடும் சேவையை அறிவித்தது. அதில் அந்த விதிகளை மனிதர் பார்த்துத் திருத்த இடம் வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு.

பிழைச் செய்தி இலக்கணப் பிழையைப் பிடிக்கும். பொருள் பிழைக்குச் செய்தியே வராது. வாக்கெடுப்பு, மாதிரி தடுமாறும் இடங்களில் உதவும். எல்லா முறையும் ஒரே திசையில் சாய்ந்தால் உதவாது. பன்னிரண்டு மணி ஷிப்டை அது பத்து முறையும் ஒரே மாதிரிதான் படிக்கும். குறியீட்டை மறுபடி சாதாரண வாக்கியமாக மாற்றி மூலத்தோடு ஒப்பிடுவது என்றொரு வழியும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 'மறுநாள்' குறியீட்டுக்குப் போய் 'மறுநாள்' என்றே திரும்பி வரும். நடுவில் அது எந்த நாளாக இருந்தது என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது.

நான் பார்த்தவரை உருப்படியாக வேலை செய்வது வேறொன்று. சால்வரை விடை சொல்லும் எந்திரமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், கேள்வி கேட்கும் எந்திரமாகவும் பயன்படுத்துவது. மாதிரியிடம் ஒரே விதியை வெவ்வேறு விதமாக மாற்றித் தரச் சொல்லவேண்டும். வேண்டுமென்றே வேறு வாசிப்புகளைத் தேடச் சொல்லவேண்டும். பிறகு சால்வரிடம் கேட்கவேண்டும்: இந்த இரண்டும் எங்காவது வேறுபடுகின்றனவா? ஒன்று அனுமதித்து மற்றது தடுக்கும் ஒரு அட்டவணை இருந்தால் காட்டு. வேறுபாடு இருந்தால் சால்வர் ஒன்றைத் தேடி எடுத்துவிடும். இல்லை என்றால் இல்லை என்றே உறுதியாகச் சொல்லும். அந்த ஒரு அட்டவணையைப் பயனரிடம் காட்டினால் போதும்: 'செவ்வாய் அதிகாலை 12 முதல் 8 வரை வேலை பார்த்தவருக்கு அதே நாள் காலை 8 மணிக்கு ஷிப்டு. இது சரியா?' தருக்கக் குறியீடு தெரியாதவர்கூட ஒரு விநாடியில் சொல்லிவிடுவார், சற்றுக் காட்டமாகவே. அளவையடைகளும் ('எல்லோரும்', 'ஒருவராவது' என்பவற்றின் குறிகள்) எதிர்மறைகளும் நிறைந்த சூத்திரத்தை அவரிடம் நீட்டிச் சரியா என்று கேட்பதில் பயனில்லை. பார்த்துவிட்டு, நீங்கள் போட்டதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்பார்.

இதிலும் ஓட்டை உண்டு. யாருமே யோசிக்காத வாசிப்பு மாதிரிக்கும் தோன்றாவிட்டால் ஒப்பிட இரண்டாவது சூத்திரமே இருக்காது.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. 2025 ஒலிம்பியாடில் கூகுள் டீப்மைண்டின் மாதிரி ஒன்று லீனையே தொடாமல், கேள்வியைச் சாதாரண மொழியில் வாங்கி விடையையும் சாதாரண மொழியில் எழுதி, 42க்கு 35 எடுத்தது. தங்கத் தரம். ஓபன்ஏஐயும் அதே மதிப்பெண்ணை அறிவித்தது. பிறகு எதற்குக் குறியீடு, மாதிரிகள் வளர வளரத் தருக்கமும் தானாக உள்ளே வந்துவிடுமே என்று கேட்கிறார்கள். வரலாம். ஆனால் அந்த விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் மனிதர்கள், அதுவும் தேர்ந்த கணிதக்காரர்கள். ஆறு கணக்குக்கு அவர்கள் கிடைப்பார்கள். மாதந்தோறும் ஆயிரம் அட்டவணை போடும் இடத்தில் யார் உட்கார்ந்து திருத்துவது? சரிபார்ப்பை மலிவாக்குவதுதான் குறியீட்டின் வேலை. மாதிரி எவ்வளவு திறமைசாலி ஆனாலும் இந்தக் கணக்கு மாறுவதாக எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால், திறமை கூடக்கூட அதன் பிழைகள் இன்னும் நம்பும்படி இருக்கும். கண்ணால் திருத்துவது இன்னும் கடினமாகும்.

சில விதிகள் எந்தக் குறியீட்டுக்குள்ளும் அடங்காமல் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 'வார இறுதி ஷிப்டுகளை நியாயமாகப் பிரிக்கவும்' என்று எழுதுகிறார்கள். எண்ணிக்கையில் சமமா? போன மாதம் அதிகம் பார்த்தவருக்கு இந்த மாதம் குறைவா? சின்னக் குழந்தை வைத்திருப்பவருக்குச் சலுகை உண்டா? மாதிரி கூசாமல் ஒரு சூத்திரம் எழுதும்: அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றைத் தாண்டக்கூடாது. சால்வர் அதை நிறைவேற்றியும் விடும். நாங்கள் இப்போது இந்தச் சொற்களை மாற்றவே விடுவதில்லை. 'நியாயமாக', 'முடிந்தவரை', 'அவசியமானால்' போன்றவை வரும் விதிகளை மாதிரி ஒதுக்கிவைத்து, அவற்றின்கீழ் இரண்டு மூன்று மாறுபட்ட அட்டவணைகளைப் போட்டு விதி எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறது. பதில் வரத் தாமதமாகிறது. சில சமயம் அந்தக் குழுவில் இருப்பவர்களே தங்களுக்குள் ஒத்துப்போகாமல், விதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறார்கள்.